மாட்டேன் என்றவள்

என்னைக் கட்டிக்கொள்ள இருந்தவரின் மனைவியை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில்தான். கையில் கறுப்புக் குடை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எனக்கும் அவள் கணவருக்கும் நிச்சயம் செய்ய அடுத்த வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார்கள்.

அப்போது நாங்கள் மயிலாடியில் இருந்தோம். எதிர்ப் பட்டறையில் சாமி சிலை கொத்திக்கொண்டிருந்தவர்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவளை அல்ல, குழந்தையைத்தான். வெளுத்த முகம், நெற்றியில் நேராக விழுந்த முடி, கீறிவைத்தது போன்ற சின்னக் கண்கள். எங்கள் தெரு அதுவரை சீன முகத்தைக் கண்டதில்லை.

அம்மை வாசலை மறித்து நின்றாள். வந்தவள் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் போடத்தான் வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் பயம்.

"கொஞ்சம் வழி விடுங்க மைனி. வெயிலு பிள்ளைக்குக் கொள்ளாது" என்று சொல்லி அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

அப்பா நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் சமையல்காரர். நெஞ்சுச் சளி அதிகமாகி அந்த வாரம் வீட்டில் இருந்தார். நாங்கள் நான்கு பெண்கள், மூத்தவள் நான். கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மனிதர், பிள்ளையில்லாததால் இரண்டாந்தாரம் பார்க்கிறார்கள், முதல் மனைவிக்குச் சம்மதம்தான் என்று தரகர் சொன்னதை அப்பா நம்பினார். நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை.

"அண்ணாச்சி, பொண்ணைக் கூப்பிடுங்க. அவளும் கேக்கட்டு" என்றாள்.

நான் அடுக்களைக் கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அம்மைக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்திருக்கும்.

"நீங்க சம்மதிச்சதாட்டு அவிய சொன்னாவ" என்று அப்பா இழுத்தார்.

"எனக்கிட்ட யாரும் கேக்கல்ல. கேட்டா மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரியும். அதனாலதான் நான் கப்பல்ல போன நேரம் பாத்து முடிச்சிருக்காவ. பிள்ளை இல்லாததுக்குத்தான உங்க பொண்ணைக் கேட்டாவ. பிள்ளை வந்தாச்சு. இன்னா, இடுப்புல இருக்கு."

அப்பா குழந்தையைப் பார்த்தார். அது அவரை முறைத்தது.

"எனக்கு நாலும் பொண்ணு" என்றார் அப்பா. "நிச்சயம் வரை வந்து நின்னுபோச்சுன்னா, பொறவு இவளை யாரு கெட்டுவா?"

"கெட்டாதவன் கெட்டாண்டாம். நிறுத்தினது நான். இவளுக்கு நான் பொறுப்பு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, உனக்கு அவியளைக் கெட்டணும்னு ஆசையா?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"இப்ப பதிலு வரல்லன்னா நான் போம்போ சொல்லு" என்று சொல்லிவிட்டு, அம்மை கொடுத்த மோரைக் குழந்தைக்குப் புகட்டப் பார்த்தாள். அது உதட்டை இறுக்கிக்கொண்டு ஏதோ சொல்லித் தலையைத் திருப்பிக்கொண்டது. அவள் வற்புறுத்தவில்லை. மீதி மோரைத் தானே குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் குடையை விரித்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆசையில்லை" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, வெயிலில் நடுத்தெருவில் நடந்து போனாள். அன்றிலிருந்து அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

மாட்டேன் என்று சொல்லாத பெண்கள் கிடையாது. ஆனால் நாங்களெல்லாம் தலைவலி, விலக்கு, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஏதாவது ஒன்றின் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்வோம். அக்கா வெறுங்கையோடு சொல்வாள். காரணம் சொல்ல மாட்டாள், குரலை உயர்த்த மாட்டாள், சொன்ன பிறகு அந்த இடத்தை விட்டுப் போகவும் மாட்டாள். கேட்டவர்தான் எழுந்து போக வேண்டும்.

அவள் கணவர் நேர் எதிர். யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். தேங்காய்க்காரன் சொல்லும் விலைக்கும் சரி, கடன் கேட்பவனுக்கும் சரி. அவருடைய அம்மை இரண்டாங்கல்யாணம் என்றதும் சரி என்றார். தான் திரும்பி வரும்வரை ஒன்றும் செய்யக் கூடாது என்று அக்கா சொன்னபோதும் சரி என்றார். கெட்டவர் அல்ல. அந்த வீட்டில் மறுக்கிற வேலை முழுவதும் அக்கா தலையில் விழுந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

அவள் பினாங்குக்குப் போன கதையை நான் ஒரே மூச்சில் கேட்கவில்லை. மட்டிப்பழம் உரிக்கும்போது கொஞ்சம், முற்றத்தில் நெல் காயப்போடும்போது கொஞ்சம் என்று பல வருஷங்களாகக் கேட்டது.

அவளுடைய அண்ணன் மலாயாவில், பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஜப்பான் சண்டையெல்லாம் முடிந்து அவர் முதல்முறை ஊருக்கு வந்தபோது அந்த ஊர்க் கதைகளைச் சொன்னார். அங்கே சீனக் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் அதிகமாகிப் போனால் வளர்க்கக் கொடுத்துவிடுவார்களாம். எத்தனையோ தமிழ் வீடுகளில் சீனப் பெண்கள் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, நம்மைப் போலவே தமிழ் பேசிக்கொண்டு வளர்கிறார்களாம். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சோறு பரிமாறிக்கொண்டே கேட்டு மனதில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன்பே அவள் கொழுந்தனிடம் கேட்டுப் பார்த்திருந்தாள். கொழுந்தனுக்கு ஐந்து பிள்ளைகள். கடைசிப் பிள்ளையை நான் வளர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, மலடி கைப்பட்டால் பிள்ளை தங்குமா என்று கொழுந்தன் மனைவி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் விட்ட இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சில வருஷம் கழித்து மாமியார் இரண்டாந்தாரப் பேச்சை எடுத்தபோது, "பிள்ளைதான வேணும்? நான் போய்க் கொண்டாறேன்" என்றாள்.

பாஸ்போர்ட்டுக்காகத் திருவனந்தபுரம் போனாள். அப்போது நாங்கள் மலையாள ராஜ்யத்தில்தான் இருந்தோம். ஆபீசில் இருந்தவர் மலையாளத்தில், எதற்காகப் போகிறாய் என்று கேட்டார்.

"பிள்ளை எடுக்க."

"இவிடெ பிள்ளைகள் இல்லே?"

"இருக்கு. யாரும் தர மாட்டாவ" என்றாள். அவர் முத்திரையைக் குத்தித் தாளை அவள் பக்கம் தள்ளினாராம்.

கணவர் அவளை நாகப்பட்டினம் வரை கொண்டு விட்டார். துறைமுகத்தில் நின்று அழுதார். "நீங்க அழுததுல நான் ரெண்டு சீலையை எடுத்து வைக்க மறந்துட்டேன்" என்று அக்கா பிறகு அவரையே கேலி செய்வாள். தனியாகக் கப்பலேறிய பெண் என்று ஊரில் அவளுக்குக் கப்பல்காரி என்று பெயர் வந்தது. இளக்காரமாக வைத்த பெயர்தான். யாராவது அப்படிக் கூப்பிட்டால் நின்று திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்?" என்பாள்.

குழந்தையின் பெயர் லியன். பெற்றவள் வைத்தது. சீனத்தில் தாமரையாம். ஊர் வாயில் அது லீலா ஆகிவிட்டது. அக்கா ஒவ்வொரு முறையும் திருத்துவாள். அப்படியென்றால் தாமரை என்றாவது கூப்பிடலாமே என்று மாமியார் ஒருநாள் இறங்கி வந்தார்.

"மாட்டேன் மாமி. பேரைக் குடுத்துத்தான் பிள்ளையைக் குடுத்திருக்கா. பிள்ளையை வச்சிட்டுப் பேரைத் தூரப் போட முடியாது."

குழந்தை வந்த புதிதில் அதை அடுக்களையில் ஏற்றக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். என்ன சாதியோ, எதைத் தின்று வளர்ந்ததோ என்று அவர் கவலை. அக்கா சண்டை போடவில்லை. பானை, சட்டி, அகப்பை என்று தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்த் தொழுவத்தை ஒட்டி மூன்று கல் வைத்துச் சமைத்தாள். அவளும் குழந்தையும் அங்கேயே சாப்பிட்டார்கள். வீட்டுக்குள் மாமியார் தனக்கும் மகனுக்குமாக அடுப்பூதிப் புகைந்துகொண்டிருந்தார். மகன் இரண்டு இடத்திலும் சரி என்று சாப்பிட்டார். சாரல் தொடங்கித் தொழுவம் ஒழுகியபோது, மாமியாரே வந்து நனைந்த விறகைப் பொறுக்கி அடுக்களைக்குள் கொண்டுபோய்ப் போட்டார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அவளுடைய பிடிவாதம் எனக்குச் சில நேரம் பிடிக்காமலும் இருந்திருக்கிறது. அவள் நாத்தனார் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாள். என்னையும் கூட்டிப் போயிருந்தாள். லியனுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். பந்தி முடிந்து பிள்ளைகள் எல்லாம் எச்சில் இலையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி. நாத்தனார் லியனையும் பார்த்து, "மக்கா, அந்த எலையையும் எடுத்துப் போடு" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். லியன் குனிந்தாள்.

"எடுக்க மாட்டா" என்றாள் அக்கா.

லியன் நிமிர்ந்துகொண்டாள்.

"எனக்க பிள்ளைகளும்தான எடுக்கு மைனி? உங்க பிள்ளைக்கு மட்டும் என்ன?" என்றாள் நாத்தனார்.

"உங்க பிள்ளைக எடுக்கட்டு. இவ எடுக்க மாட்டா."

சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அந்த வரிசையில் கிடந்த இலைகள் அத்தனையையும் தானே எடுத்துப் போட்டாள். கையைக் கழுவினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நாத்தனார் வாசலில் நின்று அழுதாள். அந்த வீட்டுக்கு அக்கா பிறகு பல வருஷம் போகவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கேட்டேன். "அவிய ஒண்ணும் தப்பா நெனைச்சுச் சொல்லல்லயே அக்கா. இதுக்கு இவ்வளவு வேணுமா?"

"அது வாக்கு" என்றாள். அன்றைக்குத்தான் லியனைப் பெற்றவளைப் பற்றிச் சொன்னாள்.

பினாங்கில் அண்ணன் வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு சீனக் கிழவி, நன்றாகத் தமிழ் பேசுவாளாம். அவள்தான் கூட்டிப் போனாள். பஸ்ஸில் வெகுதூரம் போய், பிறகு நடை. காட்டோரத்தில் தோட்டம் போட்டுப் பிழைத்த சீனக் குடும்பங்களையெல்லாம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அப்போது சர்க்கார் ஓரிடத்தில் கொண்டுவந்து குடிவைத்திருந்ததாம். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். கிழவி ஏதோ சொல்லி உள்ளே கூட்டிப் போனாள்.

பெற்றவள் மெலிந்த பெண். புருஷன் காட்டுக்குள் போனவன் திரும்பி வரவில்லை. ஒரு பையன், நான்கு பெண்கள். கடைசிப் பெண் அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவள் அக்காவின் கையைத்தான் முதலில் பார்த்தாளாம், முகத்தை அல்ல. கையைத் திருப்பித் தொட்டுப் பார்த்து, கிழவியிடம் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்கா?"

"கொண்டுபோய் வேலைக்காரியா வைக்கப்போறியான்னு கேக்குறா" என்றாள் கிழவி. பிள்ளை வளர்க்கிறேன் என்று வாங்கிப் போய்ப் பாத்திரம் தேய்க்கவும் வீடு கூட்டவும் வைப்பவர்கள் அங்கே நிறையப் பேர் உண்டாம். இந்தப் பெண்ணின் சொந்தத் தங்கச்சியே அப்படிப் போனவள்தானாம்.

"சோறு வடிக்க, துணி துவைக்க எனக்குக் கை இருக்கு. பிள்ளைதான் இல்ல. எனக்க வீட்டுல இவ எச்சித்தட்டு எடுக்க மாட்டா. இவளுக்கு நான் எடுப்பேன். நம்ப முடிஞ்சா தா. முடியல்லன்னா நான் சும்மா திரும்பிப் போறேன். தப்பா நெனைக்க மாட்டேன்."

கிழவி அதைச் சொல்லி முடிக்கும்வரை பெற்றவள் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய்க் கஞ்சி எடுத்து வந்து பிள்ளையை மடியில் வைத்து ஊட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிழவி அவசரப்படுத்தினாள். "நான் வர மாட்டேன். அவ ஊட்டி முடிக்கட்டு" என்று அக்கா வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டாள். கஞ்சி தீர்ந்த பிறகும் வெறும் கிண்ணத்தில் கரண்டியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அக்கா பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டாள். லியன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கப்பலில் குழந்தை அவளிடம் வரவே இல்லை. மேல்தட்டில் பாய் விரித்து எத்தனையோ குடும்பங்கள். அதில் இவள் ஒரு மூலை, குழந்தை எதிர் மூலை. சோறு கொடுத்தால் துப்பும். தொட்டால் உடம்பை விறைத்துக்கொள்ளும். எதற்கெடுத்தாலும் ஒரே ஒரு சொல்தான் சொன்னது. ம்மாய். பால் கொடுத்தாலும் ம்மாய். பழம் உரித்தாலும் ம்மாய். பக்கத்துப் பாய்ப் பெண்கள் பூரித்துப்போனார்கள். "பாரு, அதுக்குள்ள அம்மான்னு கூப்பிடுதே" என்றார்கள். அக்காவும் அப்படித்தான் நினைத்து உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள்.

அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டார். சீனர் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தவர்.

"தாயி, அது அம்மா இல்ல. வேண்டாம்னு சொல்லுது. எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்னு."

சுற்றி இருந்தவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம்.

"எனக்கு ஒண்ணு தோணிச்சு ஏட்டி" என்றாள் என்னிடம். "யாரு எது குடுத்தாலும் வேண்டாம், வேண்டாம்னு நிக்கு. காரணம் சொல்லல்ல. அழக்கூட இல்ல. நான் எங்க அம்மைக்கு மவளாப் பொறந்து செஞ்சதெல்லாம் இதுதான். அப்பதான் இது எனக்க பிள்ளைதான்னு எனக்கு உறைச்சுது."

அதற்குப் பிறகு அவள் எதையும் ஊட்டப் போகவில்லை. சோற்றைத் தட்டில் வைத்து நடுவில் வைப்பாள். குழந்தை ம்மாய் என்றால் இவளும் ம்மாய் என்பாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். குழந்தைக்கு அது புதுசாக இருந்தது. கடல் ஒருநாள் மோசமாகி அக்கா வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது, எதிர் மூலையில் இருந்தது மெல்ல நகர்ந்து வந்து அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை மட்டும் விடவில்லை. தண்ணீர் கொண்டுவந்த கப்பல்காரன் அதைத் தூக்கப் பார்த்தான். அது அவனைக் கடித்துவிட்டது.

"எனக்குத் தலை தூக்க முடியல்ல. ஆனாலும் கடிச்சது நல்லதுன்னு நெனைச்சேன்" என்றாள் அக்கா.

கொட்டாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையை இறக்காமலேயே கணவரிடம் கேட்டாள்.

"அம்மைக்கிட்ட சரின்னு சொன்னியளா?"

"ஆமா."

"எனக்கிட்டயும் சரின்னுதான சொன்னிய?"

"ஆமா."

"ரெண்டு சரியும் சேந்து கெடக்காது. ஒண்ணை எடுத்து வெளிய போடுங்க."

அவர் குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினார். குழந்தை, "ம்மாய்" என்றது.

"என்ன சொல்லுகு?"

"வேண்டாங்கு."

"எதை?"

"உங்களை."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மயிலாடிக்குப் போய் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் மறுநாள் அவளே குடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பொறுப்பு என்று சொன்னவள் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப வந்து, இனி என்ன செய்யலாம் என்று இருக்கிறாய் என்று என்னிடம் கேட்டாள். எட்டாவது வரை படித்திருந்தேன். டீச்சர் டிரெயினிங் படிக்கலாமா என்று பயந்து பயந்து சொன்னேன். அப்பாவையும் என்னையும் நாகர்கோவிலுக்கு அவளே கூட்டிப் போய்ப் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் சேர்த்தாள். விடுமுறை நாட்களில் நான் கொட்டாரம் போவேன். சந்தையில் யாராவது, இந்தப் பெண் யார் என்று கேட்டால், "எனக்குச் சக்களத்தியா வரவேண்டியவ. தப்பிச்சிட்டா" என்பாள். கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாது.

லியன் முதன்முதலாக அம்மை என்று கூப்பிட்டபோது நான் அங்கே இருந்தேன். வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். தமிழில் எல்லாம் பேசுவாள். ஆனால் அக்காவை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். வேண்டியதென்றால் வந்து முந்தானையை இழுப்பாள். அன்று மதியம் தெருவில் ஒரு நாய் உறுமிக்கொண்டு அவளை நெருங்கியது. "அம்மை" என்று கத்தினாள். நான் எழுந்து ஓடினேன். அக்கா நிலைப்படியிலேயே நின்றாள். நான் நாயை விரட்டிவிட்டுப் பார்த்தால் அவள் அசையவே இல்லை. லியன் இன்னொரு முறை கத்தின பிறகுதான் ஓடி வந்து வாரி எடுத்தாள்.

"இன்னொரு மட்டம் கூப்பிடட்டுன்னு நின்னுட்டேன் ஏட்டி" என்றாள். "பிள்ளை பயந்து சாவுகு, நான் காதைத் தீட்டிட்டு நிக்கேன். என்ன பிறவி நான்."

எனக்குக் குலசேகரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் பினாங்கு அண்ணன் விடுமுறையில் வந்தார். அப்போது அவர் ஒரு சங்கதி சொன்னார். லியனைப் பெற்றவளை அவர் எப்போதாவது சந்தையில் பார்ப்பாராம். பார்க்கும்போதெல்லாம் அந்தக் காய்கறிக் கிழவி வழியாக ஒரே கேள்விதான் கேட்பாளாம். பிள்ளை பாத்திரம் தேய்க்கிறதா, வீடு கூட்டுகிறதா என்று.

"இல்லன்னு எத்தனை மட்டம் சொன்னாலும் நம்ப மாட்டேங்கா" என்றார் அண்ணன்.

"நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்" என்றாள் அக்கா.

மறுநாளே எல்லாரையும் கிளப்பிக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனாள். நானும் லீவில் வந்திருந்தேன். லியனுக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பிச்சிப்பூ. போட்டோக்காரர் ஒரு பெரிய நாற்காலியைக் காட்டி, "அம்மா இதுல உக்காருங்க. பிள்ளை பக்கத்துல நிக்கட்டும். சார் பின்னால" என்றார்.

"பிள்ளை உக்காரும். நாங்க நிப்போம்" என்றாள் அக்கா.

"அப்பிடி எடுக்கிற வழக்கம் இல்லம்மா. பெரியவங்க நிக்க, சின்னப் பிள்ளை நாற்காலியில இருந்தா பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"பாக்கப் போறவ ஒருத்திதான். அவ என்ன நெனைக்கணும்னு எனக்குத் தெரியும். வேற மாதிரி எடுக்க மாட்டேன்."

அவர் உதவிக்காக அக்காவின் கணவரைப் பார்த்தார். "சரி" என்றார் அவர்.

லியனை நாற்காலியில் தூக்கி வைத்தார்கள். கால் தரையைத் தொடவில்லை. அக்கா ஒரு முக்காலியைத் தேடி எடுத்து வந்து காலுக்கடியில் வைத்தாள். பிறகு பின்னால் போய் நின்றாள். ஒரு பக்கம் கணவர். நான் ஓரமாக ஒதுங்கியிருந்தேன்.

"நீ ஏன் அங்க நிக்க? இங்க வா. உன்னையும் பாக்கட்டு" என்று கையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் நிறுத்தினாள். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். லியன் காமிராவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரி என்று போட்டோக்காரர் சொன்னார். சிரிக்கவில்லை.

அண்ணன் அந்தப் படத்தைக் கையோடு கொண்டுபோனார்.

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த சமயம். கொட்டாரம் கடைத்தெருவெங்கும் தோரணம். ஊர்வலம் வரப்போகிறது என்று தெருவில் கூட்டம். பினாங்கிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒருவர் அண்ணன் கொடுத்த துணிகளோடு அக்கா வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

"படம் கிடைச்சிட்டா அவளுக்கு?" என்று அக்கா கேட்பது கேட்டது. துணியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க அண்ணன் கூட நானும் போயிருந்தேன்" என்றார் வந்தவர். "அந்தப் பொம்பளை படத்தை வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அழுதா. அக்கம்பக்கத்துப் பொம்பளைகள்லாம் கூடிட்டாவ. அதுல ஒருத்தி படத்தை வாங்கிப் பாத்துட்டு ஒண்ணு கேட்டா. உங்க அண்ணனுக்கு உங்ககிட்ட சொல்லக் கூச்சம்."

"என்ன கேட்டா?"

"இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு எதுக்கு மூணு வேலைக்காரங்கன்னு கேட்டா."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கடையிலிருந்து வந்த கணவர் என்ன என்று தெரியாமலேயே கூடச் சிரித்தார்.

"அதுக்குப் பெத்தவ என்ன சொன்னா?"

"அவளும் அழுகையை நிறுத்திட்டுச் சிரிச்சிட்டா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெருவில் மேளம் கேட்டது. ஊர்வலம் வந்துவிட்டது, தூக்கிக் காட்டு என்று லியன் வாசலில் நின்று கத்தினாள். ஏழு வயது ஆகிவிட்டது. தூக்கிக் காட்டும் வயதா அது.

"வாறேன் மக்கா" என்று எழுந்தவள், வந்தவரைப் பார்த்து, "அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கிட்ட சொல்லிருங்க. மூணு பேரும் சம்பளம் இல்லாத ஆளுக, போவச் சொன்னாலும் போவ மாட்டாவன்னு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.